ஊசி எந்தப் பக்கம் வளைந்தது? ஓர் ஈரல் பயொப்சியின் நிகழ்வு ஆய்வு

பயொப்சி, அதாவது ஊசியால் கலங்களையோ இழையத்தையோ எடுத்துச் சோதிப்பது. அதன் ஆய்வுகூட அறிக்கையில் இரண்டே வரிகள் இருந்தன: சாதாரண ஈரல் கலங்கள், புற்றுநோய்க் கலங்கள் காணப்படவில்லை. அதே கோப்பில், ஊசியின் முனை கட்டிக்குள் நிற்பதைக் காட்டும் ஸ்கேன் படமும் இணைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் அப்படியே நம்பினால் அந்தக் கட்டி புற்றுநோய் அல்ல என்றுதான் முடிவுகட்ட வேண்டும். கோப்பை எங்களிடம் அனுப்பிய சத்திரசிகிச்சை நிபுணர் அறிக்கையை நம்பினார், படத்தை நம்பவில்லை. அவருடைய சந்தேகம் சரியானது. இந்த ஆய்வு அந்தப் படத்தைப் பற்றியது.

(ஒத்த நிலையில் இருந்த நோயாளர்களிடம் கண்டவற்றைச் சேர்த்து ஒருவராக எழுதியிருக்கிறேன். வயது, ஊர் விபரங்கள் மாற்றப்பட்டவை.)

நோயாளியும் கேள்வியும்

61 வயதுத் தாய். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் சார்ந்த குடும்பம். ஆறு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் கண்டு சத்திரசிகிச்சையும் மருந்தேற்றலும் பெற்று, ஐந்தாண்டு மாத்திரையையும் ஒழுங்காக முடித்தவர். நீரிழிவு உண்டு, ஈரலில் கொஞ்சம் கொழுப்பும் படிந்திருந்தது. வழக்கமான கிளினிக்கில், மார்புப் புற்றுநோயைக் கண்காணிக்கக் குருதியில் பார்க்கும் சி.ஏ. 15-3 அளவு அடுத்தடுத்த இரண்டு பரிசோதனைகளில் ஏறியிருந்ததால் சி.ரி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. ஈரலில் மூன்று சிறு கட்டிகள். ஒன்று உதரவிதானத்தின் கீழ் ஒட்டிக்கிடந்தது, இன்னொன்று ஈரல் நாளத்துக்குப் பக்கத்தில். ஊசி போகக்கூடியது மூன்றாவதுதான்: வலது மடலின் பின்புறத்தில், 14 மில்லிமீற்றர் விட்டம், தோலிலிருந்து கட்டியின் மையம்வரை 8.5 சென்ரிமீற்றர்.

மார்புப் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருக்கலாம் என்று எல்லோரும் ஊகித்தார்கள். ஊகத்தை வைத்துக்கொண்டு மருந்தைத் தெரிவுசெய்ய முடியாது. ஈஸ்திரோஜன் ஏற்பி, ஹெர்-2 என்ற கலப் புரதங்கள் பழைய கட்டியில் இருந்தபடியேதான் பரவிய கட்டியிலும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மாத்திரையா, கீமோவா என்பது அதில் தங்கியிருக்கிறது. அதனால்தான் இழையம் தேவைப்பட்டது.

அந்தத் தாய் கல்முனைப் பக்கம் மகள் வீட்டில் தங்கியிருந்த காலத்தில், அம்பாறை மாவட்ட வைத்தியசாலை ஒன்றில் முதல் அமர்வு நடந்தது. 22 கேஜ் (கேஜ் எண் கூடக்கூட ஊசி மெலியும்), 15 சென்ரிமீற்றர் நீளமான மெல்லிய ஊசி. விலா எலும்புகளுக்கு இடையால் அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலில் உறிஞ்சல். மெல்லிய ஊசியென்றால் இரத்தக்கசிவு குறையும் என்ற எண்ணம் பரவலானது, நியாயமானதும்கூட. அறிக்கையைத்தான் மேலே சொன்னேன்.

மட்டக்களப்பில் எங்கள் பிரிவுக்கு வந்தபோது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது எளிதாக இருக்கவில்லை. "புற்றுநோய் இல்லை என்று எழுதியிருக்கிறதே மகன், பிறகு எதற்கு இன்னொரு ஊசி?" மாசி மாதம்; பெரும்போக அறுவடை இயந்திரம் அவர்கள் வயலில் இறங்கவிருந்த கிழமை. நல்ல செய்தி எழுதிய கடதாசியைக் கையில் வைத்திருப்பவரிடம், அந்தக் கடதாசி ஈரலைப் பற்றிச் சொல்கிறதே தவிரக் கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை என்று விளக்க வேண்டியிருந்தது.

சுருங்கிய கட்டி

முதல் அமர்வின் படங்கள் எல்லாம் சேமிக்கப்பட்டிருந்தன. அதற்காக அந்தப் பிரிவினருக்கு நன்றி சொல்ல வேண்டும். பல இடங்களில் கடைசிப் படம் மட்டும்தான் மிஞ்சும். ஊசி ஏற்றுவதற்கு முன் எடுத்த படத்தில் கட்டி 14 மில்லிமீற்றர், விளிம்பு கூர்மையாகத் தெரிகிறது. ஊசி "உள்ளே" நிற்கும் படத்தில் அதே கட்டி ஏறத்தாழ 8 மில்லிமீற்றர், விளிம்பு கலங்கியிருக்கிறது. சில நிமிடங்களில் எந்தக் கட்டியும் சுருங்காது. இரண்டாவது படம் கட்டியின் நடுவை வெட்டவில்லை, ஓரத்தை வெட்டியிருக்கிறது.

அல்ட்ராசவுண்ட் காட்டுவது தடிப்பே இல்லாத ஒரு தளத்தை அன்று. ஒலிக்கற்றைக்குச் சில மில்லிமீற்றர் தடிப்பு உண்டு. அந்தத் தடிப்புக்குள் வரும் எல்லாவற்றையும் இயந்திரம் ஒரே படத்தில் அமுக்கிக் காட்டும். கட்டியின் ஓரம் கற்றையின் ஒரு பக்கத்திலும் ஊசிமுனை மறுபக்கத்திலும் இருந்தால், திரையில் முனை கட்டிக்குள் இருப்பதுபோலவே தோன்றும்.

அடுத்த தடயம் வலது சிறுநீரகம். முதற்படத்தில் அது இல்லை. ஊசிப்படத்தில் அதன் மேல்முனை மூலையில் தலைகாட்டுகிறது. அப்படியென்றால் தோலில் வைத்துப் பிடிக்கும் ஸ்கேன் முனையான புரோப் கால்பக்கமாகச் சற்றுச் சரிக்கப்பட்டிருக்கிறது. ஊசியை ஏற்றிக்கொண்டு போகும்போது முனை திரையிலிருந்து மறையும். அதைத் தேடிப் புரோப்பைச் சரிப்பது எல்லோரும் செய்வது. தேடியபோது முனை கிடைத்துவிட்டது. கட்டி நழுவிப்போனது கவனத்தில் படவில்லை.

மூச்சை வெளியே விட்டாலும் ஈரலும் சிறுநீரகமும் மேலேறி இதே காட்சி தோன்றும் என்று ஒருவர் வாதிடலாம். நானும் முதலில் அந்தப் பக்கமே சாய்ந்தேன். மனம் மாறியது ஊசியின் தண்டைப் பார்த்த பிறகு. தோலுக்கு அண்மையில் தண்டு பளிச்சென்று தெரிகிறது, முனையும் பளிச்சிடுகிறது, நடுப்பகுதி மட்டும் மங்கியிருக்கிறது. நேரான ஊசி தளத்தில் கிடந்தால் முழு நீளமும் ஒரே சீராகத் தெரியும். தளத்தை விட்டு விலகினால் ஒரு முனையில் தொடங்கி மங்கிக்கொண்டே போகும். இரு நுனிகளும் தெரிந்து இடை மங்குவதென்றால் ஊசி ஒரு வில், ஸ்கேன் தளம் அதன் நாண். மூச்சும் ஓரளவு சேர்ந்திருக்கலாம். ஆனால் மூச்சு நடுப்பகுதியை மட்டும் தெரிந்தெடுத்து மங்கலாக்காது.

கட்டியின் குறுக்களவோடு ஒலிக்கற்றையின் தடிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் முனை மையத்திலிருந்து 9 மில்லிமீற்றர் அளவுக்குக் கால்பக்கம் விலகியிருக்க வேண்டும். கட்டியின் ஆரை 7. முனை கட்டியைத் தொடாமலே பக்கத்தால் போயிருக்கிறது.

உருக்கை ஈரல் வளைப்பது எப்படி

ஊசி செய்யும் துருவேறா உருக்கின் யங் மட்டு, அதாவது பொருளின் விறைப்பளவு, ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். நலமான ஈரலினுடையது 5 கிலோபாஸ்கல் சுமார். நான்கு கோடி மடங்கு வித்தியாசம். அப்படியிருந்தும் ஈரல் உருக்கை வளைக்கிறது, காரணம் தடிப்பு. வளைவை எதிர்க்கும் திறன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 22 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.7 மில்லிமீற்றர் அளவு. 18 கேஜ் 1.27 அளவு. விட்டம் இரண்டு மடங்குகூட இல்லை, விறைப்போ ஏறத்தாழப் பத்து மடங்கு. நீளம் எதிர்ப்பக்கம் வேலைசெய்கிறது: ஒரு முனையில் பிடித்த கம்பியின் மறுமுனையில் ஒரே விசை விழுந்தால், நீளம் இரட்டிக்கும்போது விலகல் எட்டு மடங்காகிறது.

விசை எங்கிருந்து வருகிறது? ஊசி முனை ஒரு பக்கமாகச் சாய்த்து வெட்டப்பட்டிருக்கிறது. முன்னேறும்போது அந்தச் சாய்முகம் இழையத்தை ஒரு பக்கம் தள்ளும். இழையம் முனையை எதிர்ப்பக்கம் தள்ளும். சாய்முகம் மேலே பார்த்தால் ஊசி கீழே போகும். 2006இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சைக்கிளை வைத்து மாதிரியாக்கினார்கள்: முன்சில்லை ஒரு பக்கம் திருப்பிப் பூட்டிவிட்டு ஓட்டினால் சைக்கிள் வட்டமாகத்தான் போகும், சாய்முனை ஊசியும் அப்படியே ஏறத்தாழ மாறாத வளைவில் போகிறது. பூட்டை மறுபக்கம் மாற்றுவதற்கு ஊசியை 180 பாகை சுழற்றினால் போதும். இடைவிடாமல் சுழற்றிக்கொண்டே ஏற்றினால் தள்ளுதல் எல்லாப் பக்கமும் சமமாகி ஊசி ஏறத்தாழ நேராகப் போகும்.

மாறாத வளைவு என்பதில் ஒரு பொல்லாத விளைவு ஒளிந்திருக்கிறது. விலகல் ஆழத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 8.5 சென்ரிமீற்றரில் 9 மில்லிமீற்றர் விலகும் ஊசி, பாதி வழியில் இரண்டே கால் மில்லிமீற்றர்தான் விலகியிருக்கும். அது ஒலிக்கற்றையின் தடிப்புக்குள் அடங்கிவிடும். பாதி வழிவரை திரையில் எல்லாம் செவ்வனே இருக்கும், கையில் ஒரு குறையும் தெரியாது. மிச்சம் முக்கால்வாசி விலகலும் பிற்பாதியில் நடக்கும். நல்ல கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவரின் ஊசியும் இப்படித்தான் போகும். முதல் அமர்வைச் செய்தவரைக் குறைசொல்ல நான் எதையும் காணவில்லை. ஆழமான சிறு கட்டிக்கு மெல்லிய நீண்ட ஊசியைத் தெரிவுசெய்த நொடியிலேயே பாதி முடிவு எழுதப்பட்டுவிட்டது.

சுழற்றுவதென்றால் எங்கே சுழற்றுவது? பாதி வழியில் என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தாளில் கணக்கிட்டுப் பாருங்கள்: பாதியில் திருப்பினால் விலகல் பாதியாகக் குறையுமே தவிர ஒழியாது, ஏனெனில் திருப்பும்போது ஊசி ஏற்கெனவே சாய்ந்த திசையில் நோக்கிக்கொண்டிருக்கிறது. முனை மீண்டும் நேர்கோட்டுக்கு வந்து சேர வேண்டுமானால் மொத்த ஆழத்தில் 29 சதவீதத்தில், அதாவது மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவான இடத்தில் திருப்ப வேண்டும். இந்த நோயாளிக்கு அது 2.5 சென்ரிமீற்றர், கிட்டத்தட்ட ஈரலின் உறை இருக்கும் இடம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஆனால் தோல், கொழுப்பு, விலாத்தசை, உறை, ஈரல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரித் தள்ளும். வளைவு வழிநெடுக மாறாமல் இருக்காது. திசையை அறிய இந்தக் கணக்குப் போதும், இதை மட்டும் நம்பி ஊசியை இறக்க மாட்டேன்.

இழையமும் சும்மா கிடப்பதில்லை. 2004இல் மாட்டு ஈரலில் விசையை அளந்த ஆய்வு ஒன்று ஊசி விசையை மூன்றாகப் பிரித்தது: துளைக்கும் முன் மேற்பரப்பு குழியும்போது எழும் எதிர்ப்பு, துளைத்தபின் தண்டின் நீளத்தில் ஏறும் உராய்வு, முனை வெட்டிக்கொண்டு போகும் விசை. கையில் உணர்வது இதையே. உறையை முட்டும்போது ஈரல் உள்ளே குழிகிறது, எதிர்ப்பு ஏறுகிறது, பிறகு "டக்" என்று விட்டுக்கொடுக்கிறது. அந்தக் கணத்தில் முனை நாம் தள்ளாத தூரத்தையும் தானே பாய்ந்து கடக்கிறது. அதன்பின் உராய்வு தண்டைக் கவ்விக்கொள்கிறது. ஆழத்தில் நிற்கும் ஊசியின் தலையைச் சாய்த்து முனையைத் திருப்பப் பார்ப்பவர்கள் உண்டு. தண்டு விலாத்தசையில் வில்லாக வளையும். முனை இருந்த இடத்திலேயே கிடக்கும், அல்லது பக்கத்து இழையத்தையும் இழுத்துக்கொண்டு நகரும். பின்வாங்கி மறுபடி குறிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கடற்பாசிப் பாத்திரம்

பிரிவிலுள்ள இளம் வைத்தியர்களுக்குச் சாய்முகத்தின் கதையைச் சொன்னால் தலையாட்டுவார்கள். கண்ணால் பார்த்தால்தான் பதியும். காத்தான்குடிக் கடையில், நோன்பு காலத்தில் எல்லா வீடுகளிலும் காய்ச்சும் கடற்பாசியை வாங்கி, பாலும் சீனியும் சேர்க்காமல் தண்ணீரில் காய்ச்சி நீளமான கண்ணாடிப் பாத்திரத்தில் உறையவிட்டோம். பின்னால் கட்டக்கடதாசி. காலாவதியான 22 கேஜ் ஊசி ஒன்று.

தலையிலுள்ள சிறு குறி சாய்முகம் பார்க்கும் பக்கத்தைச் சொல்லும். குறியை மேல்நோக்கி வைத்து ஏற்றினால் முதல் சில கட்டங்கள் கோட்டோடு போகின்றன; பிறகு தண்டு மெதுவாகக் கீழே இறங்குகிறது. கடைசியில் எத்தனை கட்டம் தள்ளிப்போயிற்று என்பதைப் பார்த்தவர் எவரும் பிறகு குறியைக் கவனியாமல் ஊசியைக் கையிலெடுக்கவில்லை. விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே ஏற்றும்போது அதே ஊசி கோட்டை விடாமல் போவதும் தெளிவாகத் தெரிந்தது. முதல்முறை தோலைத் துளைப்பதுபோலத் தலையைப் பிடித்து அழுத்தியபோது ஊசி பாத்திரத்துக்கு வெளியேயே வளைந்து நெளிந்தது. தோலருகே பிடித்தால் அப்படி ஆவதில்லை. வெளியே நிற்கும் நீளத்தைப் பாதியாக்கினால் நெளிவைத் தாங்கும் விசை நான்கு மடங்காகிறது.

கடற்பாசி ஈரல் அல்ல. அது நொறுங்கித் துளையும், ஈரல் நெகிழ்ந்து வழிவிடும். 9 மில்லிமீற்றர் என்ற அளவை அந்தப் பாத்திரம் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கவும் முடியாது. திசையை மட்டும் காட்டியது, எங்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

இரண்டாம் அமர்வு

அறுவடை முடிந்த கிழமையே வந்துவிட்டார். மகள் பேசிய பேச்சின் பலன் என்று நினைக்கிறேன். குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையும் குருதி உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவும் பாதுகாப்பான எல்லைக்குள் இருந்தன.

இம்முறை 17 கேஜ் வழிகாட்டி ஊசி, அதனுள்ளே போகும் 18 கேஜ் பயொப்சித் துப்பாக்கி. வழிகாட்டியின் விறைப்பு 22 கேஜைப்போல ஏறத்தாழப் பதினேழு மடங்கு. அதன் உள்கம்பியின் முனை மூன்று பக்கமும் சமமாகத் தீட்டப்பட்டது. ஒரு பக்கமாகத் தள்ளும் சாய்முகம் அதில் இல்லை. உறையைத் துளைப்பதும் ஒரேயொரு தடவைதான், எத்தனை துண்டு எடுத்தாலும் அந்த ஒரு வாயிலாகவே போகலாம். தடித்த ஊசி கூடுதலாக இரத்தம் கசியவிடும் என்ற அச்சத்துக்கு நான் கொடுக்கும் பதில் இது: மெல்லிய ஊசியால் குறி தவறித் தவறிப் பலமுறை உறையைக் குத்துவதற்கு இது எவ்வளவோ மேல்.

உணர்வை மரக்கச்செய்யும் மருந்தை உறைவரை இறக்கி, தோலில் சிறு வெட்டு. கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டி ஊசி. நரம்பும் குருதிக்குழாய்களும் விலாவின் கீழ்விளிம்பில் ஓடுகின்றன. "மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டுவிட்டு அப்படியே நிறுத்துங்கள், அம்மா" என்று சொல்லி முன்கூட்டியே பழக்கியிருந்தோம். ஆழ்ந்த மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது வழக்கமானாலும் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்துக்கு இழுக்க யாராலும் முடியாது. இயல்பாக விட்ட மூச்சு ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நிற்கும். மூச்சோடு ஈரல் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மேலும் கீழும் போகும். தண்டை விலாத்தசை பிடித்திருக்க முனையை ஈரல் இழுத்தால், ஊசி இடையில் வளைவதோடு உறையும் கிழியலாம். 1958இல் மெங்கினி ஈரல் பயொப்சியை ஒரு செக்கனுக்குள் முடிக்கும் முறையை வெளியிட்டதன் அருமை, மூச்சு நிற்கும் அந்த இடைவெளியில் கையை வைத்திருப்பவருக்குப் புரியும்.

வழிகாட்டி கட்டியின் முன்விளிம்புக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் இப்பால் நிறுத்தப்பட்டது. கட்டி 14 மில்லிமீற்றர் விட்டத்தோடு திரையில் முழுமையாக இருக்கிறதா என்று அப்போதும் அளந்தோம், இருந்தது. துப்பாக்கியைச் சுட்டால் உள்கம்பி 22 மில்லிமீற்றர் பாயும். அந்தப் பாய்ச்சலின் கோட்டில் குருதிக்குழாய் எதுவும் இல்லை என்று பார்த்தாயிற்று.

துப்பாக்கி ஊசிக்கும் ஒரு பலவீனம் உண்டு. இழையம் விழுவதற்காக உள்கம்பியின் ஒரு பக்கம் நீளமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் கம்பி மெலிந்து போகிறது. கடினமான கட்டியில் பாயும்போது அந்த மெலிந்த இடத்தில் வளைந்து, கட்டியின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடக்கூடும். அதனால் பள்ளமும் சாய்முகமும் ஸ்கேன் தளத்துக்குள்ளேயே மேல்நோக்கி இருக்கும்படி பிடித்தோம். வளைந்தாலும் தளத்துக்குள்ளே வளையட்டும், கண்ணுக்குத் தெரியட்டும் என்பதுதான் நோக்கம். பக்கம் பார்க்கப் பிடித்தால் அதே வளைவு திரைக்கு வெளியே நடந்துவிடும். இரண்டாவது துண்டுக்குத் துப்பாக்கியை 180 பாகை திருப்பியதால் பள்ளம் கட்டியின் மறுபக்கத்தைப் பார்த்தது.

இழையத்தைக் கெடாமல் வைக்கும் போமலினில் விழுந்த துண்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதே பாதிப் பதில் தெரிந்துவிட்டது. இரு முனைகளும் செம்பழுப்பு, ஈரலின் நிறம்; நடுவில் சாம்பல் கலந்த வெள்ளையாக, இறுக்கமாக, ஒரு நீளம். நிறம் மாறும் எல்லை கத்தியால் கீறியதுபோலத் தெளிவாக இருந்தது.

முதல் மணித்தியாலத்தில் கால்மணிக்கொரு தடவை நாடியும் குருதியழுத்தமும் பார்க்கப்பட்டன. வலப்பக்கம் சரிந்து படுத்திருந்தவர், மண்முனைப் பாலத்தால் போகும் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்று தாதியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். விடவில்லை, மறுநாள் காலை வீடு சென்றார்.

முடிவும் பதிவும்

மார்புப் புற்றுநோயின் பரவல். ஈஸ்திரோஜன் ஏற்பி உண்டு, ஹெர்-2 இல்லை. புற்றுநோய்ப் பிரிவு ஈஸ்திரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையை ஆரம்பித்தது. முதல் அறிக்கையை நம்பி இருந்திருந்தால் அடுத்த ஸ்கேன்வரை எதுவும் நடந்திருக்காது.

முதல் அமர்வின் ஆய்வுகூட அறிக்கை தவறானதல்ல என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் இருந்தவை ஈரல் கலங்கள்தான். குறிவைத்த கட்டி ஒன்றிலிருந்து சாதாரண ஈரல் மட்டும் வந்தால், அதை "புற்றுநோய் இல்லை" என்று வாசிக்கக்கூடாது. ஊசி எங்கே நின்றது என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேட, முதற்பதிவில் படங்களைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை: சாய்முகம் எந்தப் பக்கம் பார்த்தது, ஊசியைச் சுழற்றினார்களா, மூச்சு எந்த நிலையில் இருந்தது, எதுவும் இல்லை. நாங்களும் அதுவரை இவற்றை எழுதியவர்கள் அல்லர். எழுதும் வழக்கத்தை வேறெங்கும் நாங்கள் கண்டதில்லை.

எங்கள் பதிவுத்தாளில் இப்போது நான்கு இடங்கள் சேர்ந்திருக்கின்றன: ஊசியின் கேஜும் நீளமும், சாய்முகத்தின் திசை, மூச்சின் நிலை, ஊசி உள்ளே நிற்கும்போது அளந்த கட்டியின் விட்டம். கடைசியை ஒரு தாதிய உத்தியோகத்தர் கேட்டுச் சேர்த்தார். வைத்தியர் வாயால் அளவைச் சொன்னால்தான் தான் எழுத முடியும், ஆகவே அவர் அளந்துதான் ஆகவேண்டும் என்பது அவருடைய வாதம். 17 கேஜ் வழிகாட்டி ஊசி களஞ்சியத்தில் தீர்ந்துபோகும் மாதங்களில் 22 கேஜையே எடுக்க நேரும். அப்படியான நாட்களில் ஊசியை உருட்டிக்கொண்டே ஏற்றுகிறோம், எடுத்த கலங்களில் ஈரல் மட்டும் இருந்தால் அறிக்கையைக் கொடுத்தனுப்பாமல் நோயாளியை மறுபடி அழைக்கிறோம்.